தவிட்டுக்குருவிகள் ஏன் ஒரே நேரத்தில் கத்துகின்றன

அந்தக் காலத்தில் பறவைகளுக்கெல்லாம் நம்மைப் போலவே பேச்சு வரும். கண்மாய்க்கரை ஆலமரத்தில் குடியிருந்த தவிட்டுக்குருவிகளுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். ஒன்று பேசினால் இன்னொன்று குறுக்கே வாயைத் திறக்காது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்!

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மரத்தடியில் கூடிக் கண்மாயின் கதையைச் சொல்வது அவற்றின் வழக்கம். ஓர் ஆண்டு, வடக்கேயிருந்து குடும்பத்தோடு வந்த வெள்ளை நாரையைப் பார்த்து, "விருந்தாளி நீங்க, நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட்டன. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு சொன்னது: "என் தாத்தா வந்தபோது இது வெறும் பொட்டல். கண்மாயும் மரமும் எங்களால் வந்தவை. வெள்ளை நிறம் ஆளப் பிறந்தது. தவிட்டு நிறம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது."

விருந்தாளி பேசும்போது குறுக்கிடலாமா? குருவிகள் பேசாமல் தலையாட்டின. அடுத்த ஆண்டும் அதே கதை. மூன்றாம் ஆண்டில், நாரைகள் குடித்த பிறகுதான் குருவிகள் தண்ணீரில் வாய் வைக்கலாம் என்று ஆகிவிட்டது.

அந்த ஆண்டு கதை சொல்லும் நாளில், ஒச்சாயி என்ற குருவியின் மகள் சிலம்பாயி சுண்ணாம்புத் தூளில் புரண்டுவிட்டு வந்து நின்றாள். கண்ணெல்லாம் எரிந்து நீர் வடிந்தது.

"என்னடி கோலம் இது?"

"வெள்ளையாயிட்டா முதல்லயே தண்ணி குடிக்கலாம்ல ஆத்தா?"

ஒச்சாயி மகளை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். நாரை வழிமறித்தது. "நாங்கள் இன்னும் குடித்து முடிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களுக்குப் பிறகுதான் குடிக்க வேண்டும்."

"இருங்க நாரையாரே! உங்க தாத்தா முதமுதல்ல வந்தப்ப எதுல இறங்கினாரு?"

"இதோ, இந்த ஆலமரத்தில்தான்!" என்றது நாரை பெருமையாக.

"அப்ப மரம் முன்னாடியே நின்னிருக்குல்ல?"

அவ்வளவுதான், மற்ற குருவிகளுக்கு மரியாதையெல்லாம் பறந்துபோயிற்று.

"அய்யோ, ஆமா! எங்க பெரியாத்தா போட்ட எச்சத்துல முளைச்ச மரம்ல இது!"

"உங்க தாத்தா றெக்கை ஒடிஞ்சுல்ல வந்து விழுந்தாரு!"

"வெட்டுக்கிளி பிடிச்சு ஊட்டுனது எங்க ஆளுகதான்!"

ஆளுக்கொரு துண்டாக, எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. நாரை எத்தனை முறை அலகைத் திறந்தும் ஒரு சொல் நுழைய இடமில்லை. அதன் குஞ்சு மட்டும் மெதுவாகக் கேட்டது: "அப்பா, அப்ப நாமதான் விருந்தாளியா?" நாரை தலையைக் குனிந்து வழிவிட்டது.

ஒச்சாயி மகளைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். குருவிகள் எல்லாம் குதித்தன. நாரைக் குஞ்சும் குதித்தது. ஒரே கும்மாளம்! சுண்ணாம்பு கரைந்து கண் தெளிந்ததும் சிலம்பாயி தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். "ஆத்தா, நான் நம்ம கரை மண்ணு நிறம்!" என்று துள்ளினாள்.

நாரை குரலை விட்டுவிட்டு அலகை மட்டும் தட்டிக்கொண்டிருப்பதும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்துவதும் அன்று முதல்தான். காது வலிக்கிறதென்று அவற்றை விரட்டிவிடாதீர்கள். வாயை மூடினால் அவற்றின் கதையை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.