இருசப்பர் கொடுத்த பட்டு

மலாயா நாட்டில், ஈப்போவுக்குத் தெற்கே கிந்தா ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூரில் இருசப்பர் என்னும் சலவைத் தொழிலாளி வாழ்ந்து வந்தார். தோட்டத்துத் துரைமார்களின் வெள்ளைக் கால்சட்டைகளை வெளுப்பது அவருக்குப் பிழைப்பு. ஆனால் விடியலில் ஆற்றில் இறங்கியதும் அவர் முதலில் அவிழ்ப்பது ஊர் முருகன் கோயிலின் துணி மூட்டையைத்தான். அதற்கென்று தனியாக ஒரு கல் வைத்திருந்தார். வேறு எவர் அழுக்கும் அந்தக் கல்லில் பட்டதில்லை. மற்றவர்கள் 'உஸ், உஸ்' என்று மூச்செறிந்து துவைக்கும் இடத்தில் அவர் 'முருகா, முருகா' என்று துவைப்பார். அந்த வேலைக்குக் கூலி வாங்குவதும் இல்லை.

வெளுத்து மடித்த துணியைத் தலைமேல் வைத்துக் கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் வைப்பார். அக்காலத்து வழக்கப்படி அதற்கு மேல் உள்ளே செல்ல அவருக்கு இடமில்லை. சபேச குருக்கள் துணியை எடுத்துச் சென்று சுவாமிக்குச் சாத்துவார். இருசப்பர் வெயிலில் நின்று தொலைவிலிருந்தே பார்ப்பார்.

அங்கேதான் அவருக்கு ஒரு முள் இருந்தது. அந்த முள்ளின் பெயர் தனபாக்கியம்.

தனபாக்கியம் வீட்டுக் கொல்லையில் மல்லிகையும் அரளியும் வளர்த்து, நாள்தோறும் மாலை கட்டிக் கொடுப்பவள். இருசப்பரைப் போலவே ஏழை. ஆனால் திரை விலகியதும் ஊரார் கண்ணில் முதலில் படுவது அவள் மாலைதான். "தனபாக்கியம் கைப்பட்ட மாலையைப் போட்டாத்தான் சுவாமி சிரிக்கிற மாதிரி இருக்கு" என்று குருக்களே ஒருநாள் சொன்னார். மாலைக்கு அடியில் இருந்த வேட்டியின் வெண்மையை எவரும் சொல்லவில்லை. அன்று இருசப்பர் ஆற்றுக்குப் போய்த் துணியை அடித்த அடியில் ஒரு துரையின் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் தெறித்துப் போயின.

"ஊர்ல எவன் பேசினாலும் பொறுத்துக்குவே. சாமி விசயத்துல மட்டும் ஏன்யா இப்படி எரியிறே?" என்று மனைவி அங்கம்மாள் கேட்பாள். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தைப்பூசத்துக்குச் சுவாமியின் வேட்டிக்கு வேண்டுமென்றே கஞ்சியை மிகுதியாக இட்டுவிட்டார். துணி பலகைபோல் விறைத்து நிற்க, மாலை நிலைகொள்ளாமல் சரிந்து சரிந்து விழுந்தது. குருக்கள் திகைத்தார். கொடிமரத்தடியில் இருசப்பர் மகிழ்ந்தார். மறுகணமே தம் மகிழ்ச்சியைக் கண்டு தாமே அஞ்சி, கன்னத்தில் அறைந்துகொண்டார்.

அந்த ஆண்டின் முடிவில் ஜப்பானியர் சைக்கிள்களில் வந்து இறங்கினர். துரைமார் சிங்கப்பூரை நோக்கி ஓடினர். வெளுக்கக் கிடந்த துணிகளையெல்லாம் சிப்பாய்கள் வாரிக்கொண்டு போனார்கள். அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. சவுக்காரம் போய்ச் சாம்பல் வந்தது. மருந்தின்றி மலைக்காய்ச்சலில் அங்கம்மாள் இறந்தாள். வீட்டில் எஞ்சியிருந்த ஒரே சேலையைப் போர்த்தி அவளை அடக்கம் செய்துவிட்டு, மறுநாள் விடியலில் இருசப்பர் கோயில் துணியோடு ஆற்றில் நின்றார். "பொண்டாட்டியைக் காப்பாத்தாத சாமிக்கு இன்னும் கோவணம் தொவைக்கிறான் பாரு" என்று கரையில் இருந்தவர்கள் நகைத்தனர். அந்தச் சொல் அவரைத் தொடவில்லை. எல்லா இழப்பையும் அவர் மனம் தாங்கியது. தனபாக்கியத்தின் மாலையை மட்டும் அதனால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் ஆண்டில் துணிப் பஞ்சம் முற்றியது. கடைகளில் ஒரு முழம் துணி இல்லை. ஆண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கோயிலிலும் பருத்தி வேட்டிகள் நைந்து கந்தலாயின. எஞ்சியது எட்டு முழப் பச்சைப் பட்டு ஒன்றே.

அந்நாளில் திடீரென்று மாலை வருவது நின்றது. திரை விலகியபோது முருகன் மார்பில் ஒரு பூவும் இல்லை. இருசப்பர் வெளுத்த பட்டு மட்டும் விளக்கொளியில் மின்னியது. அவர் உள்ளம் துள்ளியது. "இன்னிக்குத்தான்டாப்பா என் துணி ஒனக்குத் தெரியுது" என்று முணுமுணுத்தார். ஆனால் நாள்கள் செல்லச் செல்ல அந்த வெறும் மார்பைப் பார்க்க அவருக்கே பொறுக்கவில்லை. சித்திரைப் பிறப்பு கழிந்து குருக்கள் பட்டை வெளுக்கக் கொடுத்தபோது, "அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுன்னு பார்த்துட்டு வாயேன், இருசா. சுவாமி வெறிச்சுனு இருக்கார்" என்றார்.

வெளுத்து உலர்ந்த பட்டை மடித்துத் தலையில் வைத்தபடியே இருசப்பர் அவள் வீட்டுக்குச் சென்றார். கதவு சாத்தியிருந்தது.

"யாரு?"

"நான்தான், துணி வெளுக்கிற இருசப்பன். மாலை ஏன் வரல?"

கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "அண்ணே, எங்க வீட்டுக்காரரை ஜப்பான்காரங்க சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. இருக்கிற ஒத்தைச் சேலையை மக கட்டிக்கிட்டுக் கெழங்கு தோண்டப் போயிருக்கா. சாக்கும் மக்கிப்போச்சு. நான் எப்படி வெளிய வருவேன்? பூவெல்லாம் செடியிலேயே கொட்டுது."

இருசப்பர் கதவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளே மேலும் பேசினாள். "ஒங்களை நெனச்சா எனக்கு எப்பவும் பொறாமைதாண்ணே. என் பூ சாயங்காலமே வாடிரும், எடுத்துத் தூரப் போட்டுருவாங்க. நீங்க வெளுத்தது ராவும் பகலும் அவன் மேலேயே கெடக்கு. அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லையேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன்."

இருசப்பர் வாசலிலேயே உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளாகத் தாம் எவளைப் பார்த்து எரிந்தாரோ, அவள் தம்மைப் பார்த்து அழுதிருக்கிறாள்! கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? இடுப்பில் கோவணம். வீட்டில் வெளுக்கக் கிடந்த ஜப்பான் சிப்பாய்களின் உடுப்பில் ஒன்று குறைந்தால் தலை போகும்.

தலைமேல் இருந்த பட்டை இறக்கினார். "முருகா, நீ என் தலையை எடுக்கமாட்டே" என்றார். கதவிடுக்கின் வழியே அதை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

பட்டு வெளுத்து வரும் என்று குருக்கள் காத்திருக்க, சில நாள்களில் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வந்தது. கோயில்களில் சிறப்புப் பூசை நடத்த வேண்டும், அதிகாரி நேரில் வருவார் என்று ஆணை. காலையிலேயே தருமகர்த்தா விசுவநாதப் பிள்ளை இருசப்பரை வரவழைத்தார்.

"பட்டு எங்கேடா?"

"எங்கிட்ட இல்லீங்க."

"கள்ளச் சந்தையில வித்துட்டியா?"

இருசப்பர் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவள் மானம் போகும். பிள்ளையின் ஆட்கள் அவரைக் கொடிமரத்தில் கட்டினார்கள். "அதிகாரி வர்றதுக்குள்ள பட்டு வரலைன்னா, திருடன்னு அவன் கையிலேயே ஒப்படைச்சிடுவேன்" என்றார் பிள்ளை. திருடர்களை ஜப்பானியர் என்ன செய்வார்கள் என்பதைச் சந்தைப் பாலத்தில் ஊரே பார்த்திருந்தது. இருசப்பர் கண்ணை மூடி 'முருகா' என்றார். முதுகில் விழுந்த அடிக்கும் அதே சொல்லைச் சொன்னார்.

அப்போது கூட்டம் விலகியது. சேதி கேட்டு, பச்சைப் பட்டை உடுத்தி, கையில் மல்லிகை மாலையோடு தனபாக்கியம் வந்தாள்.

"அவரை அவுத்து விடுங்க. சாமி பட்டு எம்மேல இருக்கு. யாரோடதுன்னு தெரியாம கட்டினேன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சேதான் கட்டினேன்."

"சாமி உடுத்தினதை உடுத்தியிருக்கியே, பாவி!" என்று பிள்ளை கையை ஓங்கினார்.

"அவளை அடிக்காதீங்க!" என்று இருசப்பர் அலறினார். "பாவி நான்தான். அவ மாலையைப் பார்த்துப் பார்த்து வெந்தவன் நான். அவ வரலைன்னு சந்தோசப்பட்டேன். மொதல்ல அதுக்கு அடிங்க!"

அந்நேரம் சபேச குருக்கள் மடப்பள்ளியிலிருந்து தள்ளாடி வந்தார். கிழவர் சற்றே கண்ணயர்ந்திருந்தார். அவர் முகம் வியர்த்திருந்தது.

"கட்டை அவிழுங்கோ" என்றார். "இப்பத்தான் கனவுல வந்தான். குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கி வெச்சுண்டிருந்தான். என்னப்பா கோபம்னு கேட்டேன். 'இருசப்பன் எனக்கு வெளுத்ததெல்லாம் ஊரார் கொடுத்த துணி. அவளுக்குக் கொடுத்தது ஒண்ணுதான் அவனே கொடுத்தது, உயிரைப் பணயம் வெச்சு. அப்படி ஒரு துணி எனக்குக் கிடைக்கலையே. எனக்கு அவ மேல பொறாமையா இருக்கு'ன்னான்."

சொல்லி முடித்துக் குருக்கள் விம்மி அழுதார். விசுவநாதப் பிள்ளை ஓங்கிய கையைத் தாழ்த்தினார். அந்தக் கையாலேயே இருசப்பரின் கட்டை அவிழ்த்தார். தம் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து, "இதைச் சாத்துங்க" என்று குருக்களிடம் நீட்டினார்.

மாலையில் அதிகாரி வந்தார். துண்டு சாத்தி மல்லிகை அணிந்த முருகனைத் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். போர் முடிந்தது. சயாம் சென்ற தனபாக்கியத்தின் கணவன் திரும்பவில்லை. அவள் மாலை கட்டுவதை நிறுத்தவில்லை. இருசப்பர் தம் இறுதி நாள்வரை அவளைத் தங்கச்சி என்றே அழைத்தார். அவள் மாலையைக் கண்டால் சில நாள்களில் இன்னும் நெஞ்சு கரிக்கிறது என்று அவளிடமே சொல்லிச் சிரிப்பார்.

ஆண்டவனையே ஏங்க வைத்த அந்த ஏழை ஏகாலியின் அடிகளை நாமும் வணங்குவோம்.