மிளகுக்கு அபிஷேகம்

"முப்பது வருஷமா அபிஷேகம் பண்றேன். உள்ளே சாமி இருக்கார்னு ஒரு நாள்கூடத் தோணினதில்லை. இனிமே எந்த மூஞ்சியோட சந்நிதிக்குள்ளே போவேன், சொல்லும்மா."

இதைச் சொல்லும்போது சபேசக் குருக்கள் அழுதேவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த தில்லையம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். மலையடிவாரக் குடிலில் தனியாக இருப்பவள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைக்காதா என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள்.

குருக்களுக்குக் கிடைத்தது ஒரு நாய்.

"மிளகு சேத்துல புரண்டுட்டு வந்திருக்கு. குளிப்பாட்டி விடுங்க, பேசலாம்."

நாய் மேலே பட்டாலே தலைமுழுகுகிற மனுஷர். ஆனாலும் வந்த காரியம் பெரிசாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு மிளகைக் கல்மேடையில் ஏற்றினார். கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம், அப்படியே உச்சந்தலையில். பழக்கதோஷம், வாய் மந்திரம்கூடச் சொன்னது.

மிளகு எடுத்தது ஓட்டம். அன்று முழுக்கக் காதை உதறிக்கொண்டே திரிந்தது.

மறுநாள் தூணில் இறுக்கிக் கட்டிவைத்து ஊற்றினார். மேடை வழுக்கி, நாய் கயிற்றில் தொங்கிவிட்டது. தில்லையம்மை ஓடிவந்து முடிச்சை அவிழ்த்தாள்.

பயந்துபோன குருக்களுக்கு வந்தது என்னவோ கோபம்தான்.

"இந்தக் கை ஊத்தாத குடமா? முப்பது வருஷமா தலையிலேதான் ஊத்தறேன். அங்கே ஒரு நாளும் இப்படி ஓடினதில்லை!"

"ஏன் ஓடல?"

"கல்லு எப்படிம்மா ஓடும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

தில்லையம்மை மிளகின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நன்றாக வெயில் ஏறும்வரை குருக்கள் காத்திருந்தார். தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். வழுக்காமலிருக்க மேடையில் சாக்கை விரித்தார். மிளகின் காதில் பஞ்சு வைத்தார். கயிற்றைத் தொடவே இல்லை.

"காலிலேர்ந்து ஆரம்பிக்கறேண்டா. சூடு சரியா இருக்கா?"

மிளகு அவர் முகத்தைப் பார்த்தது.

ஒரு சொம்பு காலில். கொஞ்சம் பொறுத்து, ஒரு சொம்பு முதுகில். முகத்துக்கு ஈரத்துணி மட்டும். துவட்டி முடிப்பதற்குள் அது அவர் தொடையில் தலையைச் சாய்த்துவிட்டது. குருக்களுக்கு அவ்வளவு சந்தோஷம். தலைமுழுகுவதையே மறந்துவிட்டார்.

சாயங்காலம் தில்லையம்மை கேட்டாள்.

"பேசலாமா?"

குருக்கள் யோசித்துப் பார்த்தார். பேச ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. மிளகை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

மார்கழி முதல் நாள். விடியற்காலைக் குளிரிலும் கோயிலில் நல்ல கூட்டம். குருக்கள் மடைப்பள்ளியிலிருந்து ஆவி பறக்கும் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைத்தண்ணீர் விட்டு விளாவினார். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விளாவினார்.

"நேரமாகுது சாமி," என்றார் தர்மகர்த்தா.

குருக்கள் காதில் வாங்கவில்லை. ஒரு சொம்பு மொண்டுகொண்டு சந்நிதிக்குள் போனார். குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"சூடு சரியா இருக்கா?"

கேட்டுவிட்டு, ஊற்றாமல் நின்றார்.