நல்லசிவம் இடம் பார்த்த கதை

"கோயம்புத்தூரா, திருச்சியா, சேலமா? நீங்களே ஒண்ணு சொல்லிடுங்கம்மா. என்னால முடியல."

நல்லசிவம் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. மாசக்கணக்காக இதே புலம்பல்தான். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார்.

மெய்யம்மை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. சீடரைவிடப் பத்து வயசு சின்னவர். அதற்கென்ன, ஞானம் என்ன சீனியாரிட்டி பார்த்தா வருகிறது?

"மூணுல என்ன குறை?"

"கோயம்புத்தூர்ல தண்ணி அமிர்தம், வாடகைதான் வாயைப் பிளக்க வைக்குது. திருச்சியில வாடகை பரவாயில்ல, வெயில் மண்டையைப் பொளக்குது. சேலம் தோதுதான். ஆனா படிச்ச பசங்க அங்க தங்குவாங்களான்னு ஒரு பயம்."

"என்ன தொழில்னு சொன்னீங்க?"

"ஸ்டார்ட்-அப்மா. ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு மணிக்கணக்கா காத்துக் கிடக்கறாங்கல்ல? எப்ப கூப்பிடுவாங்கன்னு போன்லயே சொல்லிடும். சாஃப்ட்வேர் மொத்தமும் ஜெரினா எழுதினது. எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது. வெளியில வேப்பமரத்தடி பெஞ்சுல உட்காந்திருக்கா."

"அவ என்ன சொல்றா?"

நல்லசிவத்தின் முகம் சுண்டிப்போனது.

"இன்னைக்கு ஊரை முடிவு பண்ணலேன்னா பழைய வேலைக்கே போயிடறேன் அண்ணான்னுட்டா. அவ போயிட்டா தொழிலே இல்லம்மா. அத்தோட நான் முடிஞ்சேன்."

"அவளுக்கு எந்த ஊர் ஒத்துவருமாம்?"

"அதை நான் கேக்கல. அவ கம்ப்யூட்டர்ல புலி. ஊர் விஷயமெல்லாம் நாமதானே பாக்கணும்?"

மெய்யம்மை இன்னொரு பூண்டுப் பல்லை உரித்தார்.

"சரி, பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தத் தோப்புல உட்கார நல்ல இடமா ஒண்ணு பாத்துட்டு வாங்க."

இவ்வளவுதானா! நல்லசிவம் துள்ளிக்கொண்டு கிளம்பினார்.

மாமரத்தடியில் நிழல் அமோகம். உட்காரப் போனவர் சட்டென்று எழுந்தார். கட்டெறும்பு! கிணற்றடி குளுகுளு என்றிருந்தது, ஆனால் கொசு. பாறைமேல் காற்று பிய்த்துக்கொண்டு போனது, நிழல் இல்லை. திரும்ப மாமரத்துக்கே வந்தார். எறும்பைத் தட்டிவிட்டால் ஆகாதா? வேண்டாம், மத்தியானத்துக்கு மேல் வெயில் இந்தப் பக்கம் சாயுமே. சாய்கிறதா என்று நின்று பார்த்தார். சாய்ந்தது. அட கடவுளே, பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன கதி!

கடைசியில் பலாமரத்தடியில் அகப்பட்டது. நிழல் உண்டு, காற்று உண்டு, எறும்பு இல்லை.

மூச்சிரைக்க ஓடிவந்தார். "கெடச்சிடுச்சும்மா! சொர்க்கம்னா சொர்க்கம்!"

"நல்லது. போய் உட்காருங்க."

"நீங்க வரலியா?"

"எனக்குச் சமையல் கெடக்கு."

"அப்ப ஜெரினாவைக் கூட்டிட்டு வரேன்."

வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். வேப்பமரத்தடி பெஞ்சு காலியாக இருந்தது. அவள் பையும் இல்லை.

"உள்ள வந்து அண்ணா எங்கேன்னு கேட்டா," என்றார் மெய்யம்மை. குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "உட்கார இடம் பாத்துட்டிருக்கார்னேன். சிரிச்சா. இப்பத்தான் பஸ்ஸுக்குப் போறா."

நல்லசிவம் அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டார்.

"எந்த ஊருக்கும்மா போறா?"

மெய்யம்மை முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இப்பத்தான் ஊரைச் சரியா விசாரிக்கறீங்க. ஓடுங்க."