டிஃபெனஸ்ட்ரேட் பண்ணப் போன ராஜா

முன்னொரு காலத்துல, வெள்ளைக்காரன் கப்பல் வந்து போக ஆரம்பிச்ச புதுசுல, ஒரு தேசத்து ராஜாவுக்கு இங்கிலீஷ் பைத்தியம் புடிச்சுது. தினம் ஒரு வார்த்தை வேணும். சோத்துக்கு ஊறுகாய் மாதிரி அதைத் தொட்டுக்கிட்டுத்தான் பேசுவாரு. கத்துக்குடுத்தவர் துபாஷி வெங்கோபராவ். வெள்ளைக்காரன் பேச்சை ராஜாவுக்குத் தமிழ்ல சொல்றதுதான் அவர் உத்தியோகம்.

சபையில விகடகவியா இருந்த நல்லகுட்டியைக் கண்டாலே துபாஷிக்கு வயித்தெரிச்சல். நல்லகுட்டி அசலூர்க்காரன், சொந்தம்னு சொல்லிக்க ஒரு ஆள் கிடையாது. ஆனா அவன் வாயைத் திறந்தா ராஜா சிரிப்பாரு. துபாஷி வாயைத் திறந்தா கொட்டாவி விடுவாரு.

ஒருநாள் துபாஷி ராஜா காதுல ஓதினாரு. "மகாராஜா, இன்று அபூர்வமான வார்த்தை. வெள்ளைக்காரனே எப்பவாவதுதான் வெளியே எடுப்பான். டிஃபெனஸ்ட்ரேட். ஒரு ஆளைத் தூக்கி ஜன்னல் வழியா வெளியே எறியறதுன்னு அர்த்தம். நல்லகுட்டிக்கு இது தெரியாது. அவன்கிட்ட சொல்லிப் பாருங்களேன், வேடிக்கையா இருக்கும்."

ராஜாவுக்கு நாக்கு துறுதுறுன்னுச்சு. சபை கூடினதும், "நல்லகுட்டி! இன்று உன்னை டிஃபெனஸ்ட்ரேட் பண்ணப் போகிறோம். சம்மதமா?"ன்னாரு.

ஏதோ பெரிய பட்டம்னு நினைச்சு நல்லகுட்டி தரையில விழுந்து கும்பிட்டான். "அடியேனுக்கு இவ்வளவு பெரிய மரியாதையா? நாலு பேர் பார்க்கப் பண்ணணும் மகாராஜா!"

சபையே விழுந்து விழுந்து சிரிச்சுது. துபாஷி எழுந்து அர்த்தத்தைச் சொன்னாரு. நல்லகுட்டி முகம் வெளுத்துப் போச்சு. சபை இருந்தது மூணாம் மாடி. கீழே கருங்கல் தளம்.

"போதும். விளையாட்டுக்குச் சொன்னோம்"னாரு ராஜா.

துபாஷி விடலை. "தாங்கள் சொல்லி, அவனும் சம்மதிச்சாச்சு. ராஜவாக்கு பொய்க்கலாமா? அடுத்த தேசத்தான் சிரிக்க மாட்டானா?"

ராஜா தவிச்சுப் போனாரு. சொல்லை மாத்தினா மானம் போகும், மாத்தலைன்னா ஒரு உசுரு போகும்.

நல்லகுட்டி சொன்னான். "மகாராஜா வாக்குப்படியே நடக்கட்டும். ஆனா அரண்மனை வழக்கம்னு ஒண்ணு இருக்கே. மகாராஜாவுக்குப் புதுசா எந்தப் பண்டம் வந்தாலும், கொண்டாந்தவரே முதல்ல ஒரு வாய் தின்னு காட்டணும். இந்த வார்த்தையும் கடல் தாண்டி வந்த புதுப் பண்டம்தான். கொண்டாந்தது துபாஷி ஐயா. அவர் ருசி பார்க்கட்டும். நல்லா இருந்தா அடியேன் பின்னாலயே வர்றேன்."

"நியாயம்!"னாரு ராஜா.

காவலாளிங்க ரெண்டு பேர் துபாஷியோட கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கினாங்க. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தவர், சட்டத்தை இறுக்கிக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. "ஐயோ நல்லகுட்டி! புள்ளைகுட்டிக்காரன்ப்பா நான்! காப்பாத்து!"

நல்லகுட்டிக்குப் பாவமாப் போச்சு. "அழாம ஒண்ணு சொல்லுங்க ஐயா. ஜன்னல் எத்தனாவது மாடியில இருக்கணும்னு அந்த வார்த்தையில இருக்கா?"

துபாஷி மூக்கை உறிஞ்சினாரு. "இல்லையே. வெறும் ஜன்னல்தான்."

"சுவத்துல இருக்கணும்னு?"

"அதுவும் இல்லைப்பா!"

நல்லகுட்டி தடதடன்னு கீழே ஓடினான். குதிரை லாயத்துக்குன்னு தச்சர்கள் செஞ்ச ஜன்னல் சட்டம் ஒண்ணு கிடந்துது. வைக்கோல் போருக்கு முன்னால அதை நிமித்திப் புடிக்கச் சொன்னான். எல்லாரும் இறங்கி வந்தாங்க. ராஜா பட்டாடையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, தன் கையாலயே துபாஷியைத் தூக்கி அந்த ஜன்னல் வழியா எறிஞ்சாரு. தொப்!

"ருசி எப்படி?"

"அமிர்தம் மகாராஜா!" வைக்கோலுக்குள்ள இருந்து சத்தம் மட்டும் வந்துச்சு.

அடுத்தது நல்லகுட்டி. தொப்! வாக்கும் நின்னுது, உசுரும் தங்குச்சு.

ராஜா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "வெங்கோபராவ், இனி அர்த்தத்தைச் சபை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வார்த்தையை என் வாயில் வைக்க வேண்டும். நல்லகுட்டி, என்ன வேண்டும், கேள்!"

"வந்த நாள்லேருந்து சத்திரத்துலதான் படுக்கை மகாராஜா. இங்கேயே இருந்துடலாம்னு தோணுது. குடியிருக்க ஒரு வீடு குடுங்க."

"மாளிகையே தருகிறோம். மூன்று மாடி!"

"ஐயையோ, மாடி வேண்டாம்! ஜன்னல் எத்தனை வேணா வைங்க, எல்லாம் தரையை ஒட்டினாப்புல இருக்கட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சிரிச்சுக்கிட்டே கொத்தனாரைக் கூட்டியார ஆள் விட்டாரு.