தொண்ணூற்றுக்குள் ஒரு நூறு

மலையடிவாரத்தில் ஒரு மடமும் அதை ஒட்டிச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. இரண்டையும் நடத்திவந்தவர் வடிவம்மை. அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தாணுலிங்கத்துக்கு அறுபத்திரண்டு.

தாணுலிங்கம் முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி போன பிறகு வீடு பிடிக்கவில்லை. மீதிக் காலத்தில் மனத்தைப் பழக்கலாம் என்று வந்தார். தியானம், மௌனம் என்று எதையெதையோ எதிர்பார்த்தார். வடிவம்மை அவரிடம் இரண்டாம் வகுப்பை ஒப்படைத்தார். பத்துப் பிள்ளைகள்.

"இதுவா அம்மா பயிற்சி?"

"ஆமா ஐயா. இதுதான்."

தாணுலிங்கம் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். நூறு, பத்து, ஒன்று. எந்த இலக்கம் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதற்கு அந்த மதிப்பு என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி, எது பெரியது என்று கேட்பார். ஒன்பது பிள்ளைகள் டக்கென்று சொன்னார்கள். பேச்சி மட்டும் ஒரே இடத்தில் தடுக்கினாள்.

"தொண்ணூறு பெரிசா, நூறு பெரிசா?"

"தொண்ணூறு."

திருத்தினார். மறுநாளும் தொண்ணூறு என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மற்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்குக் கணக்கு வராது. உக்காரு."

பேச்சி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் பள்ளிக்கே வரவில்லை.

அவள் அம்மா வெள்ளையம்மா வந்து வாசலிலேயே நின்றாள்.

"பிள்ளைக்குப் படிப்பு வராதுன்னு வாத்தியாரய்யாவே சொல்லிட்டாரு. இனி ஆட்டுக்கூட மலைக்கு வரட்டும். எனக்கும் ஒரு துணை."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

தாணுலிங்கம் வடிவம்மையிடம் போனார். அவர் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையை முதல் வகுப்புக்கு இறக்கி விடலாம் அம்மா. அப்படியாவது வரட்டும். எண்ணே அதுக்குப் பிடிபடல. ஏன் பிடிபடலன்னு எனக்கு விளங்கல."

வடிவம்மை தலை நிமிரவில்லை.

"ஐம்பதுலேர்ந்து பத்துப் பத்தாச் சொல்லுங்க ஐயா."

"நானா?"

"நீங்கதான்."

அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். "ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு."

"இன்னொரு தடவை. சத்தமா."

"ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூ..."

நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. அறுபது, எழுபது, எண்பது. எல்லாம் பது. அதன் பிறகு தொண்ணூறு என்பதில் ஒரு நூறு. அதற்கும் பிறகு இன்னொரு நூறு.

"நூறு நூறாவும் சொல்லிப் பாருங்க."

"எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம்." மெதுவாகத் திரும்பச் சொன்னார். "தொள்... ஆயிரம்."

வடிவம்மை ஒரு கடலையை உரித்து முறத்தில் போட்டார்.

"அறுபத்திரண்டு வருசம் சொல்லியிருக்கேன் அம்மா. ஒரு தடவைகூடக் காதுல விழல."

"அந்தப் பிள்ளைக்கு விழுந்திருக்கு."

தாணுலிங்கம் அங்கிருந்து கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார்.

வெயில் ஏறியிருந்தது. சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளையம்மா ஒரு மரத்தடியில் கஞ்சித் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பேச்சி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

தாணுலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. நின்றபடியே சொன்னார்.

"பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு சொன்னேன்லா, அது தப்பு. எனக்குத்தான் வெளங்காமப் போச்சு."

வெள்ளையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க மலையில வச்சுச் சொல்லுதீங்க. பள்ளிக்கூடத்துல சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன். பத்துப் பேர் முன்னால சொன்னதைப் பத்துப் பேர் முன்னாலயே எடுத்துக்கிடுதேன்."

அவள் கஞ்சியை ஊற்றி அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். பிறகு வேட்டியை மடித்துத் தரையில் உட்கார்ந்தார்.

"பேச்சி, தொண்ணூறு ஏன் பெரிசு?"

பேச்சி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார்.

"அடிக்க மாட்டேன். சிரிக்கவும் மாட்டேன். தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

பேச்சி அம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"நூறுன்னா வெறும் நூறு. தொண்ணூறுல நூறும் இருக்கு, முன்னால தொண்ணும் இருக்கு. அப்பொ அதுதானே பெரிசு?"

வெள்ளையம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். தாணுலிங்கம் சிரிக்கவில்லை.

"சரியாத்தான் யோசிச்சிருக்க. வா, தொண்ணூறுக்குள்ள நூறு இருக்கான்னு பாத்திருவோம். கல்லுப் பொறுக்கு."

அவள் சரளைக்கல் பொறுக்கி வந்து பத்துப் பத்தாகக் குவித்தாள். நாலாவது குவியலை ஒரு ஆட்டுக்குட்டி காலால் எத்திவிட்டது. அதைத் திட்டி விரட்டிவிட்டுத் திரும்ப எண்ணினாள். ஒன்பது குவியல் ஆனதும், "தொண்ணூறு" என்றாள்.

"இதுல நூறு எங்க?"

ஒவ்வொரு குவியலாகப் பார்த்தாள். ஒன்றைக் கலைத்துக்கூடப் பார்த்தாள்.

"காணலையே."

"எண்ணிக்கிட்டே போ. எங்க வருதுன்னு பாப்போம்."

இன்னும் கல் எடுத்துவந்தாள். ஒவ்வொன்றாக வைத்தாள். "தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திரண்டு..." குரல் வரவர மெதுவாகியது. "தொண்ணூத்தொம்பது." கடைசிக் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வைத்தாள். "நூறு."

அவரைப் பார்த்தாள். "நூறு இப்பத்தான் வருது."

"ஆமா."

"அப்பொ அது சும்மா பேருதானா?"

"சும்மா பேருதான்."

பத்துக் குவியலையும் ஒன்றாகக் கூட்டச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் வாரிக் கூட்டினாள். பெரிய குவியல் ஒன்று ஆயிற்று. அவர் ஒரு குச்சியால் மண்ணில் 100 என்று எழுதினார். பேச்சி குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு முதல் சைபரில் விரல் வைத்தாள்.

"இது பத்துக்குவியல் இருந்த எடம். இப்பொ ஒண்ணும் இல்ல."

அடுத்த சைபரைத் தொட்டாள். "இது உதிரி இருந்த எடம். இங்கயும் ஒண்ணும் இல்ல. எல்லாம் சேந்து இந்த ஒண்ணுக்குள்ள போயிட்டு."

தாணுலிங்கம் குச்சியைக் கீழே போட்டார். தலையை ஆட்டினார்.

"ஐயா, நூறே இல்லாததுக்கு ஏன் நூறுன்னு பேரு வச்சாங்க?"

அவர் யோசித்தார். "எனக்குத் தெரியலையே பேச்சி."

"ஐயாவுக்கே தெரியாதா?"

"தெரியாது."

அவள் முகம் மலர்ந்தது. வாத்தியாருக்கு உதவுகிற குரலில் சொன்னாள். "நூறுக்குக் கிட்ட வந்துட்டுல்லா. அந்தச் சந்தோசத்துல வச்சிருப்பாங்க."

மறுநாள் காலை பேச்சி வகுப்புக்கு வந்தாள். தாணுலிங்கம் எழுந்து நின்று, தான் சொன்னது தவறு என்று பத்துப் பிள்ளைகளிடமும் சொன்னார். பிள்ளைகளுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஒருவன் மட்டும், "அப்பொ தொள்ளாயிரம்?" என்று கேட்டான். பேச்சி திரும்பி உட்கார்ந்து அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள்.

அன்று மாலை அவர் வடிவம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார். வடிவம்மை குறுக்கிடாமல் கேட்டார்.

"பேச்சிக்கு இனிப் பயமில்ல அம்மா. மத்த ஒன்பது பேரைப் பத்தியும் எனக்குக் கவலை இல்ல. அவங்க முதல் நாளே நூறுதான் பெரிசுன்னு சரியாச் சொல்லிட்டாங்க."

"ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நூறுதானே பெரிசு?"

"அது உங்களுக்குத் தெரியும் ஐயா. அவங்க ஏன் சொன்னாங்க?"

தாணுலிங்கம் அவர்களிடம் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறுநாள் வகுப்புக்குப் போகும்போது ஒரு பை நிறையச் சரளைக்கல் கொண்டுபோனார்.