தலைப்பிள்ளைக்கு இலை இல்லை

சட்டம் போடுகிறவனுக்குப் பசி தெரியாது. பசித்தவனுக்குச் சட்டம் புரியாது. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் தலையைக் கொடுத்த ஒரு விகடகவியின் கதையைக் கேளுங்கள்.

கொன்றைநாட்டை ஆண்ட செவ்வேள் ராஜா நல்லவர்தான். ஆனால் அவர் காது மட்டும் அமைச்சர் தண்டலையாரிடம் குத்தகைக்குப் போயிருந்தது.

அந்த வருசம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மருதச்சீமையில் மழை பொய்த்தது. சனங்கள் மூட்டை முடிச்சோடு இக்கரைக்கு வந்து, ராஜாவின் ஏரியில் தூர் வாரினார்கள். மத்தியானம் அரசாங்கச் சத்திரத்தில் அவர்களுக்கும் கஞ்சி ஊற்றினார்கள். அமைச்சருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கூரை உள்ளவனுக்குத்தான் கஞ்சி" என்று முரசறையச் சொன்னார். சனங்கள் ஓலை வேய்ந்து குடிசை போட்டார்கள்.

"கூரை மட்டும் போதாது, கதவு இருக்கணும்" என்றார். தட்டி கட்டி மாட்டினார்கள்.

"தட்டியெல்லாம் கதவாகுமா? தாழ்ப்பாள் வேணும்."

மண் சுமக்கும் செம்பாயி, இடுப்பில் பிள்ளையோடு சத்திரத்து வாசலிலேயே வெடித்தாள்.

"ஐயா, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி வைக்க, பசியைத் தவிர எங்ககிட்ட என்னங்க இருக்கு?"

சரியான கேள்வி! விலை சொல்லிவிட்டு, நாம் மடியை அவிழ்த்ததும் விலையை ஏற்றுகிறவனைச் சந்தையில் உதைப்பார்கள். அரண்மனையில் அவனுக்கு அமைச்சர் என்று பேர்.

கடைசியில் தண்டலையார் ஒரே போடாகப் போட்டார்: "இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கே அரசாங்கச் சோறு. மற்றவர்களுக்கு ஒரு பருக்கைகூடக் கிடையாது!"

அக்கரைச் சனங்களைச் சத்திரத்திலிருந்து விரட்டினார்கள். விகடகவி வேம்பன் அரண்மனைக்கு ஓடினான்.

"மகாராஜா, செம்பாயின்னு ஒருத்தி. வயித்துக்கு இல்லாம அவளுக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை அழுது அழுது ஓய்ஞ்சுபோச்சு."

அமைச்சர் முந்திக்கொண்டார். "இவனுக்கு இரக்கம் ஜாஸ்தி, பிரபு. சட்டத்தை நடத்துற வேலையை இவன்கிட்டயே கொடுங்க. அப்பத் தெரியும்."

"அதுவும் சரிதான்" என்று ராஜா தலையாட்டினார். "வேம்பா, அரசாங்கச் சோறு எங்கே வெந்தாலும் இனி நீதான் காவல். சட்டத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் உன் தலை உருளும்!"

"உத்தரவு!" என்று வேம்பன் சாஷ்டாங்கமாக விழுந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அமைச்சர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் அரண்மனைப் பந்தி. அமைச்சர் முன்னால் தலைவாழை இலை. பருப்பு, நெய், வாழைப்பூப் பொரியல், மிளகுக் குழம்பு என்று ஆவி பறந்தது. ராஜா முன்னால் வெறுந்தரை.

"என் இலை எங்கேடா?"

"மன்னிக்கணும் மகாராஜா. நீங்க பிறந்தது எங்கே?"

"இதென்ன கேள்வி? நான் இந்த நாட்டு..." வேம்பன் குறுக்கே புகுந்தான்.

"மூத்த பிள்ளையாச்சே! தலைப்பிரசவம் தாய்வீட்டிலதானே? வளைகாப்பு முடிஞ்சதும் ராஜமாதா அக்கரைக்குப் போயிட்டாங்க. மருதச்சீமை அரண்மனையிலதான் நீங்க 'குவா குவா'ன்னு கத்தினது. பரிசல் ஏறி இங்கே வந்தப்ப உங்ககிட்டக் கூரையும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. இடுப்பில துணிகூட இல்லையாம்!"

பரிமாறுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அமைச்சர் ரெண்டாவது பிள்ளை, இங்கேயே பிறந்தவர். அமைச்சரே, ஆறிப்போகுது பாருங்க, அள்ளிப் போடுங்க!"

"மகாராஜா பட்டினி கிடக்கிறப்ப நான் எப்படிடா சாப்பிடுவேன்?"

"அட, அடுத்தவன் பட்டினி கிடக்கிறப்பச் சாப்பிடுறது உங்களுக்கு என்ன புதுசா?"

அமைச்சர் அவசரமாக இலையைத் தள்ளி வைத்தார். "ச... சட்டத்தில ஒரு சின்னத் திருத்தம் பண்ணிடலாம் பிரபு. தலைப்பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு!"

"ஆஹா! இதோ செம்பாயியைக் கூப்பிடுறேன். அவளும் தலைப்பிள்ளை, அவ இடுப்பில இருக்கிறதும் தலைப்பிள்ளை. ரெண்டு இலை போடுங்கப்பா!"

அப்போது ராஜாவின் வயிறு கடமுடவென்று உறுமியது. முதலில் சிரித்தது ராஜாதான்.

"போதும்டா வேம்பா! இந்தச் சட்டத்தை இப்பவே ஆற்றில் விடுகிறேன். இனிச் சத்திரத்தில் 'பசிக்குதா?' என்ற ஒரே கேள்விதான். ஆமாம் என்றால் ஊற்று. இக்கரை, அக்கரை எல்லாம் கிடையாது. முதல் கலயம் செம்பாயிக்குப் போகட்டும்!"

அமைச்சர் விடுவாரா? "பிரபு, பசிக்காதவனும் பசிக்குதுன்னு பொய் சொல்லிக் கஞ்சியை வாங்கிக் குடிச்சிட்டா?"

வேம்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அமைச்சரே, அந்தக் கஞ்சியை நீங்க ஒரு தடவையாவது குடிச்சிருக்கீங்களா? பசிக்காதவனால அதைக் குடிக்கவே முடியாது!"

ராஜா சிரித்த சிரிப்பில் உட்கார்ந்திருந்த மணைப்பலகையே ஆடியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். அமைச்சருக்கும் ஒரு மரியாதை செய்தார்: தினமும் சத்திரத்தில் எல்லார் முன்னாலும் அவர் ஒரு கலயம் கஞ்சி குடிக்க வேண்டும்.

மறுநாளே கஞ்சியில் உப்பு விழுந்தது, மோர் விழுந்தது, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் வந்து சேர்ந்தது!