சங்ககிரி வேகத்தடை

"ஓட்டிக்கிட்டு வரட்டுங்களா, லாரியில ஏத்தி அனுப்பச் சொல்லட்டுங்களா, டீச்சர்?"

சென்னியப்பன் நாலு நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியிடம் கேட்டார். தன் மில் மேனேஜரிடம் கேட்டார். ஜோசியரைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் கோபிச்செட்டிபாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் நசீமா டீச்சரிடம் வந்து நின்றார்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, டீச்சருக்கு முப்பத்தாறு. ஆனாலும் சீடர் அவர்தான். கிளட்ச் எது, பிரேக் எது என்று போன வருஷம் டீச்சர்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்தார். லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறை தேறியதும் காலில் விழவே போய்விட்டார் மனுஷர். டீச்சர் பதறிப்போய் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

இப்போது பெங்களூரில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். இரண்டே சீட். வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த வண்டி. அதை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"லாரின்னா எப்படிங்க?"

"நாலு பக்கமும் மூடின லாரிங்க. உள்ள ஏத்திக் கட்டிருவாங்க. ஒரு தூசி படாது. வாசல்ல கொண்டாந்து இறக்கிருவாங்க."

"அப்ப லாரியே நல்லதுதானுங்களே."

சென்னியப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இல்லீங்க டீச்சர். எவனோ ஏத்தி, எவனோ இறக்கி... என் வண்டியை இன்னொருத்தர் கை தொடறதே எனக்குப் பிடிக்கலீங்க."

"அப்ப ஓட்டிக்கிட்டு வாங்க."

"வண்டி அடி தரையில தட்டுமுங்களே! நம்ம பக்கத்து வேகத்தடையெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?"

டீச்சர் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"உக்காருங்க சார். வழியை வாயில ஓட்டுங்க."

இது அந்த ஸ்கூலின் வழக்கம். சாவியைத் திருப்புவதற்கு முன்னால், போகப்போகிற வழி முழுவதையும் வாயால் சொல்லிவிட வேண்டும். எங்கே திருப்பம், எங்கே பள்ளம், எந்த இடத்தில் மாடு படுத்திருக்கும், எல்லாம்.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். பெங்களூரை விட்டு விடியற்காலையில் கிளம்பினார். ஓசூர் நெரிசலில் பொறுமையாக ஊர்ந்தார். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நின்றார். தர்மபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் பிரேக் கருகும் வாசனைகூட அவருக்கு அடித்தது.

"சேலமுங்க. அப்புறம் பவானி வந்துருமுங்க. அங்கிருந்து நம்ம ஊரு. அவ்வளவுதான்."

"மறுபடி."

மறுபடி சொன்னார். இந்தத் தடவை டீக்கடைகளையும் சேர்த்துக்கொண்டார். ஒரு குரங்குக் கூட்டமும் வந்தது.

"சேலம். அப்புறம் பவானி."

"மறுபடி."

மூன்றாவது தடவையும் சேலத்திலிருந்து பவானிக்கு ஒரே தாண்டு. நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ரோடு இருக்கிறது.

"நடுவுல என்ன ஊரு வருதுங்க?"

"சங்ககிரிங்க. பைபாஸ்ல போனா ஊரே தெரியாதுங்க."

"ஊருக்குள்ள போனா?"

சென்னியப்பன் தன் டம்ளரைப் பார்த்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"ஒரு வேகத்தடை இருக்குதுங்க."

"எந்த இடத்துல?"

"எங்கண்ணன் வீட்டு முன்னாடி."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விசேஷத்துக்கு எல்லாரும் கூடியிருந்த நாளில், அண்ணன் காளியண்ணனின் காரை ஆசையாக எடுத்துப் பார்த்தார். நேரே கொண்டுபோய் வாசல் கேட் தூணில் இடித்தார். "உனக்கெல்லாம் பின்சீட்டுதான்டா, ஸ்டீயரிங் வராது" என்றார் அண்ணன். சம்பந்திகள் எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பன் சாப்பிடாமல் கிளம்பி வந்தார். அதோடு சரி, அந்த வாசலை மிதிக்கவில்லை.

இதற்காகவா பன்னிரண்டு வருஷம் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. முதல் வருஷம் கோபமாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

"அதுக்கப்புறம் போகவே இல்லைங்கறீங்க. வேகத்தடை இருக்கறது எப்படித் தெரியும்?"

"நாலஞ்சு தடவை டிரைவரை அந்தத் தெரு வழியா விடச் சொன்னேனுங்க. பின்சீட்டுல உக்காந்து பார்த்துக்கிட்டே போனேன். கண்ணாடியை இறக்கலீங்க."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் வேறு பக்கம் திரும்பி டீயைக் குடித்து முடித்தார்.

"பெரிய வேகத்தடைங்களா?"

"நல்ல உசரமுங்க. தெருக்காரங்களே போட்டது."

"உங்க வண்டி ஏறுமா?"

"நேரா ஏத்துனா தட்டுமுங்க. சாச்சு ஏத்தோணும். ஒருத்தர் கீழ நின்னு அடியைப் பார்த்துச் சொன்னா ஏத்திரலாம்."

"கூட யாரு வர்றாங்க?"

"யாருமில்லீங்க. வீட்டுல மாட்டேன்னுட்டாங்க. அத்தனை தாழ்வா உக்கார முட்டி மடங்காதாமா."

"அப்ப அந்த இடத்துல அடியைப் பார்த்துச் சொல்ல யாரு இருக்காங்க?"

சென்னியப்பன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

டீச்சர் டம்ளரைக் கழுவ எழுந்துவிட்டார்.

"வீடு சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க சார்."

*

வியாழக்கிழமை விடிந்ததும் பெங்களூரிலிருந்து கிளம்பினார். வாயில் ஓட்டிய வழிதான். ஓசூரில் ஊர்ந்தார். சுங்கச்சாவடியில் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துப் படம் பிடித்தார்கள். தொப்பூர் இறக்கத்தில் உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சேலம் தாண்டியது.

சங்ககிரி பிரிவு வந்தபோது பைபாஸ் நேராக, வழுவழுவென்று, ஒரு பள்ளம் மேடு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஊருக்குள் திருப்பினார். தன் கைதான் திருப்பியது என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை.

வேகத்தடைக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினார். இடது பக்கம் அண்ணன் வீட்டுக் கேட்டு. அவர் இடித்த தூண் அப்படியே இருந்தது. உடைந்த மூலையை அண்ணன் பூசவே இல்லை.

பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரனில் கையை வைத்தான். எடுக்கவே இல்லை.

சத்தம் கேட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு காளியண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரப்பா அது என்கிற மாதிரி குனிந்து பார்த்தார். சென்னியப்பன் கண்ணாடியை இறக்கினார். ஓசூரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

அண்ணன் கிட்டே வந்து நின்றார். கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அப்புறம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய், முழங்காலில் கையை ஊன்றி, சக்கரத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஸ்டீயரிங்கை ஒடி," என்றார். "இன்னும் ஒடி. ம்... வா. வா. பயப்படாம வா."

*

மத்தியானம் ஒரு மணிக்கு டீச்சருக்குப் போன் செய்தார்.

"வீடு சேர்ந்துட்டீங்களா சார்?"

"இல்லீங்க டீச்சர். சங்ககிரியிலதான் இருக்கேனுங்க."

"வேகத்தடையில தட்டுச்சுங்களா?"

"நான் ஏத்துறப்பத் தட்டலீங்க."

"பின்ன?"

"அண்ணன் ஓட்டிப் பார்க்கறேன்னு எடுத்துக்கிட்டுப் போயிருக்காருங்க. அண்ணியும் ஏறிக்கிட்டாங்க. ரெண்டு சீட்டுதானுங்களே. போறப்பவே கரகரன்னு அடியைத் தட்டிக்கிட்டுத்தான் போனாரு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க. அண்ணி இலை போட்டுட்டாங்க."

"அப்ப உள்ள போய்ப் படுங்க சார். வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? ரோட்டுச் சத்தம் கேக்குதே."

"வேகத்தடை மேல நிக்கறேனுங்க டீச்சர். அவரு திரும்பி வர்றப்ப அடியைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணுமில்லீங்களா?"